துணி லிஃப்ட்

செம்பூரில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நான் சொல்வது ஒரே ஒரு வாக்கியம்தான். "சிஸ்டம்ல இன்னும் வரல, உக்காருங்க." இந்தியில் சொல்வேன், மராத்தியில் சொல்வேன், டிராம்பே பக்கமிருந்து வரும் நம்ம ஆட்களிடம் தமிழில் சொல்வேன். பதினோரு வருஷமாகச் சொல்கிறேன். தூக்கத்தில்கூடச் சொல்கிறேன் என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார். செய்யட்டும், அவருக்கும் பொழுது போக வேண்டாமா.

என் மேசைக்கு இன்சூரன்ஸ் டெஸ்க் என்று பேர். நோயாளி கையிலிருந்து காசு கட்ட வேண்டாம், கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டிவிடும் என்று பாலிசியில் எழுதியிருக்கும். எழுதியிருக்கும், அவ்வளவுதான். அந்தக் காசை வரவழைப்பது என் பாடு. ஆளைச் சேர்க்கும்போது கம்பெனியிடம் ஒரு தடவை அனுமதி கேட்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது கடைசி பில்லை அனுப்பி இன்னொரு தடவை கேட்க வேண்டும். அந்த இரண்டாவது அனுமதி வருவதற்குள் மனுஷனுக்கு உயிர் போய் உயிர் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வர வேண்டிய பணம் ஒழுங்காக வரவில்லை என்று எங்கள் மேலிடத்துக்காரர்கள் ஒரு ஆலோசனைக் கம்பெனியைக் கூட்டிவந்தார்கள். டை கட்டிய மூன்று பேர் வந்து வெள்ளைப் பலகையில் பெரிய வட்டம் ஒன்று போட்டார்கள். நோயாளி வாசலில் கால் வைப்பதிலிருந்து கடைசி ரூபாய் நம் கணக்கில் விழுவது வரை இந்த வட்டம்; இதில் எங்கே ஒழுகுகிறது, சொல்லுங்கள் என்றார்கள். டாக்டர்கள் பில்லிங்கைக் கைகாட்டினார்கள். பில்லிங்காரர்கள் வார்டைக் கைகாட்டினார்கள். வார்டு நர்ஸ்கள் பார்மசியைக் கைகாட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. சும்மா இருக்கிற வாயா இது!

எழுந்து நின்று சொன்னேன். கடைசி அனுமதி வருவதற்கு முன்னாலேயே பேஷண்ட்டை வீட்டுக்கு விட்டுவிடுகிறோம். அப்புறம் கம்பெனி ஒரு கேள்வி கேட்கும், ஒரு கையெழுத்துக் கேட்கும். போன் போட்டால் பேஷண்ட் வீட்டில் எடுப்பதில்லை. காசு அங்கேயே நின்றுவிடுகிறது. அதனால் அனுமதி வந்தால்தான் கேட் பாஸ் அச்சாக வேண்டும். பாஸ் இருந்தால்தான் லிஃப்ட் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் விட வேண்டும். அவ்வளவு அவசரமென்றால் முழு பில்லையும் கட்டிவிட்டுப் போகட்டும், பிறகு திருப்பிக் கொடுப்போம். டை கட்டியவர்களில் ஒருவர், ஊழியர் வீட்டு ஆட்கள், வயசானவர்கள் என்று வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். "ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். யாருக்கும் விடக் கூடாது" என்றேன். கை தட்டினார்கள். சொன்னால் என்ன, எனக்கும் பூரிப்பாகத்தான் இருந்தது.

பணம் ஒழுங்காக வர ஆரம்பித்தது. என்னை டெஸ்க் இன்சார்ஜ் ஆக்கினார்கள். பில்லுக்காக ஆளைப் பிடித்து வைப்பது சட்டப்படி தப்பு என்று கவுண்டரில் யாராவது சத்தம் போட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தேன். "நாங்க யாரையும் புடிச்சு வைக்கல. பாஸ் வரல, அவ்வளவுதான்." அதைச் சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுப்பேன். எத்தனையோ பேர் அப்படி என் முன்னால் இருந்த ஸ்டீல் நாற்காலியில் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முகம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் போன வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு நடந்தது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தேன். மூன்று வருஷமாக அவருக்குப் பாலிசி கட்டி வந்தேன். மகள் இருக்கும் இடத்தில் ராஜா மாதிரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைப்பு. அப்பாவும் வருகிற நர்ஸிடமெல்லாம் "மேரா பேட்டி, இன்சார்ஜ்", என் மகள்தான் இங்கே இன்சார்ஜ் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மானம் போயிற்று எனக்கு.

நாலாம் நாள் காலை ஒன்பதரைக்கு டாக்டர் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று எழுதினார். பத்து மணிக்குத் தாராவியிலிருந்து அம்மா போன் பண்ணினாள். பெரியப்பா போய்விட்டார். விடிகாலையில் டீ போட எழுந்தவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே சரிந்துவிட்டாராம். அழுதுகொண்டே, "அப்பாவ எப்படியாச்சும் நாலு மணிக்குள்ள கூட்டிட்டு வந்துரு" என்றாள்.

ஏன் நாலு மணி என்றால், எங்கள் சந்துக்குள் ஐஸ் பெட்டி நுழையாது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் யார் வீட்டுப் படியிலாவது ஏறி நிற்க வேண்டிய சந்து. அக்டோபர் வெயில் வேறு. அங்கே யார் இறந்தாலும் அன்றைக்குப் பொழுது அடைவதற்குள் எடுத்துவிடுவார்கள். திருநெல்வேலியிலிருந்து வர வேண்டியவர்களுக்கே காத்திருக்க மாட்டார்கள், செம்பூரிலிருந்து வரும் தம்பிக்கா காத்திருப்பார்கள்?

பெரியப்பாதான் அப்பாவை இந்த ஊருக்குக் கூட்டிவந்தவர். தோல் பட்டறையில் தன் பக்கத்து மிஷினிலேயே உட்கார வைத்துத் தையல் பழக்கினார். கல்யாணமான பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் அப்பா இருமினால் அந்தப் பக்கம் பெரியப்பா, "ஏல, வெந்நி குடி" என்பார். முந்தின நாள் மாலையில்கூட அப்பாவின் போனில் கூப்பிட்டு, "நாளைக்கு வந்துருவேல்லா? உனக்கும் சேத்து டீ போடுதேன்" என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

வார்டுக்குப் போய் அப்பாவிடம் நேராகச் சொல்லிவிட்டேன். மறைக்க எனக்கு வராது. அவர் அழவில்லை. மெதுவாகக் கட்டிலிலிருந்து இறங்கி, ஆஸ்பத்திரிச் சட்டையைக் கழற்றிவிட்டுத் தன் சட்டையைப் போட்டார். செருப்பை மாட்டினார். மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணன் மொகத்த ஒரு தடவ பாத்துரணும்மா. வேற ஒண்ணும் வேண்டாம். எப்பம் கெளம்பலாம்?"

"இந்தா, ஒரு மணி நேரம்பா" என்றேன்.

கடைசி பில்லை அனுப்பினேன். பதினொன்றே காலுக்குக் கம்பெனியிடமிருந்து கேள்வி வந்தது. நோயாளிக்குப் பத்து வருஷமாக இந்த நோய் இருப்பதாகச் சேர்க்கும்போது எழுதிய குறிப்பில் இருக்கிறது, பாலிசிக்கு வயது மூன்று வருஷம், முன்பே இருந்த நோயை ஏன் மறைத்தீர்கள், விளக்கம் தேவை. மறுபடியும் வார்டுக்கு ஓடினேன்.

"ஏம்ப்பா, டூட்டி டாக்டர்ட்ட பத்து வருசம்னா சொன்னீங்க?"

"ஆமா. எத்தன நாளான்னு இந்தியில கேட்டான், தஸ் ஸால்னேன்."

"நெசமா எவ்வளவு நாளா இருக்கு?"

"போன தீவாளிக்குப் பெறவுதான். நேத்து வந்துச்சுன்னு சொன்னா எந்த டாக்டரும்மா மதிப்பான்? மாத்திரையக் குடுத்துப் போன்னுருவான். பத்து வருசம்னாத்தான் தலைய நிமித்திப் பாப்பான்."

அவரை ஏசி என்ன செய்ய. எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அம்மாவிடம் முழங்கால் வலி எப்போதிருந்து என்று கேட்டால், "அது கெடக்கு இருவது வருசமா" என்பாள். நேற்று வந்த காய்ச்சலை ஒரு வாரம் என்பார்கள், ஒரு வாரத்து இருமலை ஆறு மாசம் என்பார்கள். நாளைக் கூட்டிச் சொன்னால்தான் வலிக்கு மரியாதை. இதனாலேயே எத்தனை ஃபைல் என் மேசைக்குத் திரும்பி வந்திருக்கிறது! டெஸ்குக்கு வரும் தமிழ் ஆட்களிடமெல்லாம், "டாக்டர்ட்ட நாளக் கூட்டிச் சொல்லாதீய" என்று படித்துப் படித்துச் சொல்வேன். பெற்ற அப்பாவிடம் சொல்ல மறந்தேனே, சண்டாளி.

ஆபரேஷன் செய்த டாக்டர், நோயாளியின் வியாதி ஒரு வருஷத்துக்கு உட்பட்டது என்று தன் பரிசோதனையை வைத்து எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தால் கம்பெனி ஒத்துக்கொள்ளும். அந்த டாக்டர் காலையில் எங்களிடம், மதியம் மாட்டுங்காவில் சொந்த கிளினிக்கில். போன் அணைத்து வைத்திருந்தார். டாக்ஸி பிடித்துப் போனேன். அங்கே உள்ளே ஒரு சின்ன ஆபரேஷனில் இருந்தார். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ரிசப்ஷனில் இருந்த பெண், "உக்காருங்க மேடம், கூப்பிடுவாங்க" என்று மூன்று தடவை சொன்னாள். மூன்றாம் தடவை எனக்கு வந்த கோபத்துக்கு அவளை ஒரு அறை விட்டிருப்பேன். ஒன்றே முக்காலுக்கு டாக்டர் வெளியே வந்தார். நல்ல மனுஷன், விஷயத்தைச் சொன்னதும் தன் குறிப்பைத் திறந்து பார்த்துவிட்டு நின்றபடியே எழுதிக் கொடுத்தார்.

இரண்டரைக்குத் திரும்பி வந்து கடிதத்தைக் கம்பெனிக்கு அனுப்பினேன். திரையில் 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. போன் போட்டேன். பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைத்தார்கள். பெரியப்பா கிடக்கிறார், என் காதில் பாட்டு ஓடுகிறது. ஒருத்தி எடுத்து, "எங்கள் டாக்டர் பார்க்க வேண்டும் மேடம், இரண்டு மணி நேரம் ஆகும்" என்றாள். சாவு வீடு என்றேன். "புரியுது மேடம், சிஸ்டத்தில் வரிசைப்படிதான்" என்றாள். அவளைத் திட்ட வாய் வரவில்லை. அவள் பேசியது அத்தனையும் என் பேச்சு.

மூன்று மணிக்கு பில்லிங் தலைவரின் அறைக்குப் போனேன். பாஸைக் கையால் விடுவிக்கும் பாஸ்வேர்டு அவரிடம்தான் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை, என் பொண்ணு பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர். எல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தியில் மெதுவாகச் சொன்னார். "மேடம், போன மாசம் ஒரு நர்ஸின் மாமியாருக்கு விடலாமா என்று கேட்டேன். ஒருத்தருக்கு விட்டால் எல்லாருக்கும் விட வேண்டும் என்று நீங்கள்தானே என்னைத் தடுத்தீர்கள். அந்த நர்ஸ் வெளியேதான் நிற்கிறாள். நான் என்ன செய்ய?"

முழு பில்லையும் கட்டினால் பாஸ் வரும். என் கணக்கில் அதில் பாதிகூட இல்லை. கழுத்துச் செயின் என் தம்பியின் டோம்பிவிலி வீட்டு அட்வான்ஸுக்கு ஏற்கெனவே போயிருந்தது. தம்பியிடம் கேட்கலாமென்றால் அவன் பெரியப்பா வீட்டு வாசலில் பாடைக்கு மூங்கில் வாங்கிக்கொண்டு நிற்கிறான்.

அப்புறம் வார்டுக்குப் போனேன். இனிமேல் எழுதப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வார்டின் கடைசியில், குளியலறைக்கு அடுத்தாற்போல், அழுக்குத் துணி இறக்குகிற லிஃப்ட் ஒன்று இருக்கிறது. அது கீழே லாண்டரிக்குப் போகும். அதன் பின்கதவு லாண்டரி டெம்போ வந்து நிற்கும் சந்தில் திறக்கும். நாலரைக்கு டெம்போ வரும் வரை அங்கே வாட்ச்மேன் கிடையாது. எப்படித் தெரியும் என்றால், பாஸ் விதியைக் கொண்டுவந்தபோது எந்தெந்தக் கதவில் ஆள் போட வேண்டும் என்று மாடி மாடியாக நடந்து பட்டியல் எழுதியவள் நான். துணி லிஃப்டில் யார் போகப் போகிறார்கள் என்று அதை மட்டும் எழுதாமல் விட்டேன்.

மூன்றரை மணி. வார்டைப் பெருக்கித் துடைக்கும் மௌஷி துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். லிஃப்ட் கதவு திறந்தது. அப்பாவின் கட்டிலிலிருந்து அது இருபது அடி. கீழே இறங்கினால் ஆட்டோ. தாராவிக்கு அரைமணி நேரம். நாலு மணிக்குப் பெரியப்பாவின் தலைமாட்டில் நின்றுவிடலாம்.

நான் நின்றேன். பாஸ் இல்லாமல் ஆள் காணாமல் போனால் ஃபைல் சிவப்பில் நிற்கும். கம்பெனி கைவிரிக்கும், மொத்த பில்லும் என் தலையில் விழும். கேமராவில் என் மூஞ்சி இருக்கும். விதியைப் போட்டவளே அப்பனைக் கடத்திக்கொண்டு போனாள் என்று அன்றைக்கே சீட்டைக் கிழிப்பார்கள். என் சம்பளத்தில்தான் எங்கள் வீடும், பாதிக்கு மேல் அப்பா வீடும் ஓடிக்கொண்டிருந்தன. இத்தனையும் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குள் ஓடியது. பயந்துவிட்டேன். வேறு நல்ல வார்த்தை போட்டுச் சொல்ல மனசு வரவில்லை. மௌஷி வண்டியை உள்ளே தள்ளினார், கதவு மூடியது.

அப்பா செருப்புக் காலோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, வந்துருச்சா?"

"சிஸ்டம்ல இன்னும் வரலப்பா" என்றேன்.

நாலே காலுக்குத் தம்பி வீடியோவில் கூப்பிட்டான். எடுக்கப் போகிறார்கள், அப்பாவிடம் கொடு என்றான். போனை அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். எங்கள் சந்தில் எப்போது சிக்னல் ஒழுங்காக இருந்திருக்கிறது? யாரோ ஒருத்தர் முதுகு, நிறைய செவ்வந்தி, பெரியம்மாவின் சத்தம். பெரியப்பாவின் கழுத்து மாலை வரைக்கும் வந்து படம் அப்படியே நின்றுவிட்டது. அப்பா திரையை விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். மாலைக்கு மேலே இருக்கிற முகம் தள்ளினால் வந்துவிடும் என்று நினைத்தார் போல. "மேல காட்டுல, மேல காட்டு" என்றார். அந்தப் பக்கம் அவர் குரல் போய்ச் சேரவில்லை. பிறகு லைன் கட்டாகிவிட்டது. போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

அனுமதி ஐந்து நாற்பதுக்கு வந்தது. முழுத் தொகைக்கும் வந்தது, ஒரு ரூபாய் வெட்டவில்லை. என் மேசை பிரின்டர் பாஸைத் துப்பியது. வாட்ச்மேன் அதை வாங்கி ஓரத்தைக் கிழித்துக்கொண்டு, எனக்கு எப்போதும் போல சலாம் வைத்தான்.

ஆட்டோவில் சயான் தாண்டும்போது அப்பா கேட்டார்.

"ஏம்மா, இந்தப் பாஸ் ரூல எவன் போட்டான்?"

"மேல உள்ளவங்கப்பா."

"அவம் வீட்டுல சாவே விழாதாக்கும்" என்றார்.

சந்துக்குள் நுழைந்தபோது வாசல்களைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரத் தரையில் செவ்வந்தி இதழ் ஒட்டிக்கிடந்தது. வயிற்றுத் தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அப்பா பெரியப்பா வீட்டுப் படியில் உட்கார்ந்தார். அப்போதுதான் அழுதார். அவரைத் தொட எனக்குக் கை வரவில்லை. அம்மாவுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அந்த மாசக் கூட்டத்தில், கடைசி அனுமதி இல்லாமல் ஒரு நோயாளிகூட வெளியே போகவில்லை என்று திரையில் போட்டுக் காட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் என் முதுகில் தட்டினார்கள். நானும் கை தட்டினேன். துணி லிஃப்ட் பற்றிச் சொல்லி அதற்கும் ஒரு ஆளைப் போடச் சொல்லலாமா, வேண்டாமா என்று கூட்டம் முடியும் வரை யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. விதியை எடுத்துவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. மறுநாள் அதே நாற்காலி, அதே வாக்கியம்.

அதற்கு முன்னால், தையல் பிரிக்க அப்பாவைக் கூட்டிவந்த நாள் ஒன்று இருக்கிறது. வார்டு வழியாகப் போகும்போது மௌஷி அப்பாவை அடையாளம் கண்டுகொண்டு நலம் விசாரித்தார். அண்ணன் விஷயம் கேள்விப்பட்டேன் என்றார். அப்புறம் இந்தியில், வெள்ளை மனசோடு சொன்னார்: "அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் துணி லிஃப்டில் இறக்கிவிட்டிருப்பேனே பாபா. அவசரக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். சாயங்காலம் பாஸ் வந்துவிடும், பின்னால் யாரும் கேட்பதில்லை."

அப்பாவுக்கு இந்தி நன்றாகவே புரியும். அந்த லிஃப்டைப் பார்த்தார். தன் கட்டில் இருந்த இடத்தைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"உனக்கு இது தெரியாதாம்மா?"

"தெரியாதுப்பா" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தார்.

"அதான பாத்தேன். தெரிஞ்சிருந்தா என்னயக் கூட்டிட்டுப் போயிருப்பேல்லா."